செப்டம்பர் கடைசியில் தோக்கியோ: அம்மாவுக்கு ஸ்வெட்டரா, குடையா?

யீஷூன்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 26 இரவு விமானம், அக்டோபர் 4 திரும்புகிறோம். நானும் அம்மாவும் மட்டும். முழுக்கத் தோக்கியோவிலேயே தங்கல், நடுவில் ஒரு நாள் பக்கத்து மலைப்பகுதியான ஹக்கோனே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பலாம் என்று எண்ணம்.

அம்மாவுக்கு 68 வயது. மலேசியாவையும் தஞ்சாவூரையும் தவிர வேறு எங்கும் போனதில்லை. குளிர் என்றால் அவருக்குத் தெரிந்தது கேமரன் மலைதான். பஸ்ஸில் ஏர்கான் காற்று நேராக மேலே பட்டாலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார், முட்டி வேறு வலிக்கும். எங்கே போனாலும் புடவைதான், காலில் தோல் செருப்பு. பேன்ட் போடச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை.

தோக்கியோ ஏன் என்றால், அம்மாவின் அப்பா 1943இல் இங்கே சிங்கப்பூரில் பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கேட்டுவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். நேதாஜியின் அஸ்தி இருப்பதாகச் சொல்லப்படும் ரெங்கோஜி கோயிலுக்கு ஒரு தடவை போய் நின்று கும்பிட வேண்டும் என்று அம்மா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம்தான் எனக்கு லீவு அமைந்தது.

இப்போது பிரச்சினை பெட்டிதான். அக்கா இலையுதிர் காலம் என்றால் குளிர்தானே என்று தன் பனிக்கால ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதுவே பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் ஒருவர் அங்கே இன்னும் வெயில்தான், டி-சட்டை போதும் என்கிறார். கைப்பேசியில் பார்த்தால் எட்டு நாளுக்கும் மழைப் படம்தான் காட்டுகிறது. யாராவது அதே வாரத்தில் போய் வந்திருந்தால் உண்மையில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்களேன். அப்புறம் இன்னொன்று, அம்மா புரட்டாசி முழுக்கச் சைவம்.


நிஷிகசாய்_குமார்

செல்வி, நான் தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் ஆறு வருடம் இருந்தேன், இப்போது செங்காங்கில் இருக்கிறேன். உங்கள் அம்மாவை அந்த வாரத்தில் குளிர் படுத்தாது, ஈரம்தான் படுத்தும். வெளியே மழையில் ஒரு ஈரம், நடந்தால் வியர்வையில் ஒரு ஈரம், அந்த ஈரத்தோடு ரயிலில் ஏறினால் ஏர்கான். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துப் பெட்டி கட்டினால் போதும், பனிக்கால ஜாக்கெட்டை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கணக்காகச் சொன்னால், தோக்கியோவில் செப்டம்பர் மாதச் சராசரியில் பகல் உச்சம் 27.5 டிகிரி, இரவில் 20 டிகிரி. அக்டோபரில் பகல் 22, இரவு 15 பக்கம். நீங்கள் போவது இந்த இரண்டும் ஒட்டுகிற இடம். ஆனால் சராசரியை நம்பி ஒரே மாதிரி உடை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அந்த வாரத்தில் ஒரு நாள் 30 தொடும், இரண்டு நாள் கழித்து மழையோடு 19க்கு இறங்கும், மறுபடியும் ஏறும். நான் அங்கே இருந்த வருடங்களில் செப்டம்பர் கடைசியில் காலையில் சட்டை நனைய வேலைக்குப் போய், ராத்திரி திரும்பும்போது கையைத் தேய்த்துக்கொண்டே வந்த நாட்கள் உண்டு.

நம் ஊரில் பெரியவர்கள் புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, அது தோக்கியோவுக்கு அப்படியே பொருந்தும். ஜப்பானியர்களும் வெயிலும் குளிரும் ‘ஹிகான்’ வரைக்கும்தான் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். ஹிகான் என்பது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை ஒட்டிய ஒரு வாரம், செப்டம்பர் 22, 23 பக்கம் வரும். இப்போதெல்லாம் அது கழிந்தும் வெயில் போகமாட்டேன் என்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அக்டோபர் 1ஆம் தேதிதான் கோடைச் சீருடையை மாற்றுகிற வழக்கம், அதிலிருந்தே நீங்கள் போகும் வாரம் எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்ளலாம்.

மழைதான் பெரிய விஷயம். ஜூன் மாத மழைக்காலத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் தோக்கியோவில் அதைவிட அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபரில். செப்டம்பரில் மட்டும் சராசரி 225 மில்லிமீட்டர், அதே மாதத்தில் சிங்கப்பூரில் பெய்வதைவிட அதிகம். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும், பசிபிக் பக்கத்துச் சூடான காற்று பின்வாங்கும், இரண்டும் மோதுகிற கோடு ஜப்பான் மேலேயே நாள்கணக்கில் கிடக்கும். இதைத்தான் ‘அக்கிசாமே’, இலையுதிர்கால மழை என்கிறார்கள். எங்கோ தெற்கே ஓக்கினாவா தீவுப் பக்கம் ஒரு சூறாவளி இருந்தாலும் போதும், அது ஈரக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தோக்கியோவில் நில்லாமல் பெய்யும்.

நம் மழையும் அந்த மழையும் ஒன்றில்லை. இங்கே மதியம் இடி இடித்துக் கொட்டும், கடைத்தொகுதியில் ஒரு மணி நேரம் நின்றால் விட்டுவிடும். அங்கே காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த தூறல் ராத்திரி வரை நசநசவென்று இருக்கும், நின்று பார்த்தெல்லாம் போக முடியாது, நனையாமல் நடக்க வழி பார்க்க வேண்டும். அதனால் நல்ல குடை, தண்ணீர் ஏறாத காலணி, சீக்கிரம் காயும் துணி, இதுதான் முதலில். ஸ்வெட்டர் ஒன்று போதும், மெல்லியதாக. அதற்கு மேலே காற்றும் தூறலும் தாங்குகிற ஜிப் வைத்த மெல்லிய ஜாக்கெட் ஒன்று.

அம்மாவுக்கு ஏர்கான் ஆகாது என்றால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தோக்கியோ ரயில்கள் பலவற்றில் ஏர்கானைக் குறைத்து வைத்த பெட்டி ஒன்று இருக்கும், ‘ஜாக்குரேய்போஷா’ என்பார்கள், கதவுப் பக்கமோ ஜன்னலிலோ ஒட்டியிருப்பார்கள். என் மாமியார் வந்திருந்தபோது ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைத் தேடித்தான் ஏற்றுவேன்.


பாசிர்ரிஸ்_ராஜன்

குமார் சொல்வதை நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் குடும்பத்தோடு போனபோது காலை எட்டு மணிக்கே வெடவெட என்று ஆகிவிட்டது, சின்னவனுக்கு உதடு வெடித்து, அங்கேயே யூனிக்லோ துணிக்கடையில் உள்ளே போடுகிற ஹீட்டெக் வாங்கி மாட்டிய பிறகுதான் நடந்தான். வயதானவரைக் கூட்டிப்போகிறீர்கள், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். வேண்டாம் என்றால் பெட்டியிலேயே இருக்கட்டும், ஆனால் வேண்டும்போது இல்லை என்றால் கஷ்டம்.


நிஷிகசாய்_குமார்

ராஜன் அண்ணன், நீங்கள் போனது எந்தத் தேதி?


பாசிர்ரிஸ்_ராஜன்

நவம்பர் பள்ளி விடுமுறை, 20ஆம் தேதிக்கு மேல். சரி, அது வேறு என்றுதான் சொல்லப்போகிறீர்கள்.


நிஷிகசாய்_குமார்

ஆமாம் அண்ணன், நவம்பரில் இரவுச் சராசரி 9 டிகிரிக்குக் கீழே போய்விடும், காற்றும் வறண்டுவிடும், உதடு வெடிக்கத்தான் செய்யும். இரண்டு மாதத்தில் அவ்வளவு மாறிவிடுகிறது. இங்கே நமக்கு வருடம் முழுக்க ஒரே தட்பவெப்பம், அதனால் ‘ஆட்டம்’ (autumn, இலையுதிர் காலம்) என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அங்கே செப்டம்பர் ஆட்டமும் நவம்பர் ஆட்டமும் இரண்டு தனிப் பருவம் மாதிரி. சிவந்த இலை பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தால் செல்வி, அதை இப்போதே விட்டுவிடுங்கள். தோக்கியோவுக்குள் இலை நிறம் மாறுவது நவம்பர் கடைசியில்தான். ஃபூஜி மலை மேலே பனியும் செப்டம்பரில் பெரும்பாலும் இருக்காது. வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில்தான் முதல் பனி தெரியும், 2024இல் அது நவம்பர் 7 வரை தள்ளிப்போனது, 130 வருடப் பதிவில் அவ்வளவு தாமதம் ஆனதில்லை.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஒன்று சரி. ஹக்கோனேவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வேண்டும். அங்கே கந்தகப் புகை வரும் ஓவாக்குதானி எரிமலைப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும் என்று வைத்தாலே தோக்கியோவைவிட ஆறு டிகிரி குறைவு, அதோடு மேலே ஊதல் காற்று. தோக்கியோவில் 21 இருக்கிற நாளில் அங்கே 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் ஓவாக்குதானி வேண்டாம், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.


தெம்பனிஸ்_வாணி

பெட்டியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் நாட்காட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களை வருத்தியது அதுதான்.

2019 அக்டோபரில் நாங்கள் நான்கு பேர், இரண்டு பிள்ளைகள், தோக்கியோவின் உவேனோ பகுதியில் தங்கியிருந்தோம். 12ஆம் தேதி சனிக்கிழமை ஹக்கோனே போவதற்கு ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் முன்கூட்டியே காசு கட்டியிருந்தோம். அன்றுதான் ஹாகிபிஸ் சூறாவளி. புதன்கிழமையிலிருந்தே செய்தியில் சொன்னார்கள், ஆனால் நாங்கள் சிங்கப்பூர்க்காரர்கள், சூறாவளியைப் பற்றி என்ன தெரியும், பெரிய மழை என்றால் குடை பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தோம். அந்த நிறுவனத்துக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவே இல்லை, காசு போய்விடுமே என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வரை போகலாமா வேண்டாமா என்று நானும் கணவரும் வாக்குவாதம். நல்ல வேளை, ரயில் எல்லாம் நிறுத்தப்போகிறார்கள் என்று முன்னதாகவே அறிவித்துவிட்டார்கள், முடிவு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அன்று ஒரே நாளில் ஹக்கோனேயில் பெய்த மழை 922.5 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது 2,100 பக்கம். அதைக் கேட்டபோது உடம்பே சில்லிட்டுப் போனது. மலை ரயில் பாதை அடித்துக்கொண்டு போய், அடுத்த வருடம் ஜூலையில்தான் மறுபடி முழுக்க ஓடியது.

அன்று அறைக்குள் இருந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கீழே இருக்கிற கடையில் ரொட்டித் தட்டு காலி. கிடைத்தது நான்கு கிண்ண நூடுல்ஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். சனிக்கிழமை எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறும், ஜப்பானிய மொழியில் ஏதோ எச்சரிக்கை வரும், சின்னவள் ஒவ்வொரு தடவையும் என் மடியில் ஏறிக்கொள்வாள். சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி உள்ளே அமுங்கி வெளியே வருவது கண்ணுக்கே தெரிந்தது. நடுவில் கட்டில் வேறு ஆடியது, பார்த்தால் ஒரு சின்ன நிலநடுக்கம். அத்தனையும் கழிந்து மறுநாள் காலையில் திரையை விலக்கினால் கழுவி விட்ட மாதிரி நீல வானம், சுள்ளென்று வெயில். அதற்கென்றே ஜப்பானியர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘தைஃபூ இக்கா’, சூறாவளி கடந்து போன பிறகு வரும் தெளிவு.

அதனால் செல்வி, ஹக்கோனே எந்த நாள் என்று இங்கேயிருந்தே காசு கட்டாதீர்கள். ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள், அல்லது முந்தைய நாள் அங்கேயே டிக்கெட் வாங்குங்கள். ரெங்கோஜி உங்கள் அம்மாவுக்கு முக்கியம் என்றால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், முதல் நல்ல நாளிலேயே போய்விடுங்கள். ஒரு நாள் முழுக்க அறையிலேயே சாப்பிட வேண்டி வந்தால் கடையில் சைவமாகக் கிடைப்பது குறைவு, சோற்று உருண்டைக்குள் கூட மீன் இருக்கும், அதனால் இங்கே முஸ்தபா கடையில் சூடு பண்ணிச் சாப்பிடுகிற பொட்டலம் நான்கைந்து, அவல், பருப்புப் பொடி எடுத்துப்போங்கள். அம்மாவின் மருந்து நான்கு நாளுக்குக் கூடுதலாக. கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம், அங்கே இறக்குமதிச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.


நிஷிகசாய்_குமார்

வாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜப்பானிய வானிலை நிலையத்தின் இணையப் பக்கத்தில் சூறாவளி வரைபடத்தில் நாளுக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள், போகப் போக வட்டம் பெரிதாகும். புயல் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று நிறைய பேர் பயந்துவிடுகிறார்கள். அது புயலின் அளவு இல்லை. அந்த நேரத்தில் புயலின் நடுப்பகுதி அந்த வட்டத்துக்குள் இருக்க 70 விழுக்காடு வாய்ப்பு என்று அர்த்தம், நாள் தள்ளத் தள்ள நிச்சயம் குறைவதால் வட்டம் பெரிதாகிறது. அதனால் ஐந்து நாள் முன்பு பெரிய வட்டம் தோக்கியோ மேலே இருந்தாலும் கலங்க வேண்டாம், தினமும் ராத்திரி ஒரு தடவை பாருங்கள், வட்டம் சின்னதாகியும் தோக்கியோ உள்ளேயே இருந்தால் அப்போது திட்டத்தை மாற்றுங்கள். ரயிலை முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவது 2018 செப்டம்பர் 30 அன்று தோக்கியோ முழுக்க நடந்தது, ராத்திரி எட்டு மணியோடு ஜேஆர் என்ற பெரிய நிறுவனத்தின் ரயில்கள் நின்றன. நீங்கள் போகும் அதே வாரம், அதனால்தான் சொல்கிறேன்.


உட்லண்ட்ஸ்_தேவி

செல்வி, நான் போன வருடம் என் மாமியாரை அக்டோபர் முதல் வாரத்தில் கூட்டிப்போனேன். அவரும் புடவைதான், 71 வயது. புடவை கட்டிய ஒருவர் மழையில் தோக்கியோவில் நடப்பதைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை.

கஞ்சி போட்ட காட்டன் புடவையை இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். நனைந்தால் கனம் கூடிவிடும், அறையில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈர வாடை வரும். பூனம், கிரேப் மாதிரி லேசான புடவைகள் ராத்திரி பிழிந்து போட்டால் காலையில் கட்டலாம். ஹோட்டல் குளியலறைகள் பலவற்றில் சுவரிலிருந்து இழுத்து மாட்டுகிற கொடிக்கயிறு இருக்கும், துண்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டக் குமிழ் மாதிரி, எனக்கு மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. கரை ஈரமாகாமல் இருக்க ஓர் அங்குலம் தூக்கியே கட்டச் சொல்லுங்கள், பாவாடைக்குள்ளே கணுக்கால் வரை லெக்கிங்ஸ். வெளியே தெரியாது என்று சொன்னால் ஒத்துக்கொள்வார், என் மாமியார் ஒத்துக்கொண்டார். முட்டிக்கும் அது இதம்.

தோல் செருப்பு வேண்டவே வேண்டாம். ரயில் நிலையத் தரையெல்லாம் வழவழ ஓடு, ஆயிரம் பேர் குடையிலிருந்து சொட்டின தண்ணீர் அதன் மேலே. கயிறு கட்டாமல் கால் நுழைக்கிற, ரப்பர் அடி போட்ட ஷூ வாங்கிக் கொடுங்கள், ஏனென்றால் கோயிலிலும் சில சாப்பாட்டுக் கடைகளிலும் கழற்றி மாட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் குனிய முடியாது. இப்போதே வாங்கி, யீஷூனில் இருந்து காதிப் வரை நான்கு சாயங்காலம் நடக்க விடுங்கள், புது ஷூவோடு விமானம் ஏற்றாதீர்கள். சாக்ஸ் நிறைய, ஒரு ஜோடி எப்போதும் கைப்பையில். ஈர சாக்ஸோடு கோயில் பாயில் கால் வைக்கும்போது அந்தக் கூச்சம் பெரியவர்களுக்குத் தாங்காது.

அப்புறம் குடை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கொசுவம், படியில் பிடிமானத்தைப் பிடிக்கக் கை எங்கே? நாங்கள் இரண்டாம் நாளே முட்டிக்குக் கீழே வரைக்கும் வருகிற மழைக்கோட்டு ஒன்று வாங்கினோம், தூறலுக்கு அதை மாட்டிவிட்டுக் குடையை நானே பிடித்துக்கொள்வேன், மாமியாருக்கு இரண்டு கையும் ஃப்ரீ. தோள் குறுக்கே மாட்டுகிற பைதான் வசதி. பெரிய குடை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே கடைக்குக் கடை கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குடை சில நூறு யென்னுக்குக் கிடைக்கும், அதில் எதிரே வருபவரும் தெரிவார்கள். கைக்குட்டை ஆளுக்கு நான்கு. பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் கை துடைக்கப் பேப்பர் இருக்காது, எல்லாரும் கையில் சின்னத் துண்டு வைத்திருப்பார்கள்.


யீஷூன்_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேவி அக்கா, லெக்கிங்ஸ் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், வெளியே தெரியாதென்றால் சரி என்றார். ஜாக்கெட்டை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ஹக்கோனே எந்த நாள் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். சின்னச் சந்தேகம், மழை விடாமல் பெய்கிற நாளில் அம்மாவை எங்கே கூட்டிப்போவது? அறையிலேயே உட்கார்ந்தால் முட்டி இறுகிவிடும்.


நிஷிகசாய்_குமார்

உவேனோவில் தோக்கியோ தேசிய அருங்காட்சியகம், திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். உட்கார நிறைய இடம் உண்டு, உள்ளே புத்தர் சிலைகளை அம்மா விரும்பிப் பார்ப்பார். இல்லையென்றால் தோக்கியோ நிலையத்திலிருந்து கின்சா வரை தரைக்கடியிலேயே நடக்கலாம், ஒரு சொட்டு மேலே படாது, நடுநடுவே மின்தூக்கி இருக்கிறது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், இது பலருக்கும் தெரியாது. அங்கே செப்டம்பர் கடைசியில் ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும். நமக்கு ஏழு மணி வரை வெளிச்சம் பழக்கம், நான்கு மணிக்கு ஓர் இடத்துக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது இருட்டு, இருட்டின உடனே காற்றும் மாறும். காலையில் ஐந்தரைக்கே விடிந்துவிடும், அம்மா எப்படியும் சீக்கிரம் எழுந்திருப்பவர் என்றால் அன்றன்றைய திட்டத்தை முன்னாலே இழுத்துக்கொள்ளுங்கள்.


யீஷூன்_செல்வி

போய் வந்தாச்சு. அடுத்து இதே வாரத்தில் போகப் பெட்டி கட்டுபவர்கள் யாராவது படிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் 30 டிகிரி, இங்கே தேக்காவில் மதியம் நடக்கிற மாதிரிப் புழுக்கம். அம்மா ஸ்வெட்டரைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை, கைக்குட்டை மூன்று நனைந்தது. ஆனால் அதே புழுக்கத்திலிருந்து ரயிலில் ஏறினால் முதுகு வியர்வை மேலே ஏர்கான் பட்டு உடனே தும்மல், அங்கேதான் சால்வை வேலை செய்தது, ஏர்கான் குறைந்த பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டோம், அதன் பிறகு அம்மாவே பிளாட்ஃபார்மில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து அந்த ஒட்டுப்படத்தைக் காட்டுவார். மூன்றாம் நாளிலிருந்து குமார் சொன்ன மழை. சூறாவளி ஒன்று தெற்கே கடலோடு போய்விட்டது, கரைக்கு வரவில்லை, ஆனால் இரண்டரை நாள் விடாத நசநசப்பு, பகலிலேயே 19 டிகிரி. மழைக்கோட்டு, லெக்கிங்ஸ், ஷூ, மூன்றும் இல்லையென்றால் அந்த இரண்டரை நாளும் அறையிலேயேதான் கிடந்திருப்போம். என் ஷூவைப் பற்றித்தான் நான் யோசிக்கவில்லை. துணி ஷூ, ஒரே நாளில் ஊறிவிட்டது, ஹோட்டலில் பழைய செய்தித்தாள் வாங்கி உள்ளே திணித்து ராத்திரி இரண்டு தடவை மாற்றியும் காலையில் நுனி ஈரம்தான். இரண்டாவது ஜோடி ஒன்று எனக்கும் எடுத்திருக்க வேண்டும்.

ஹக்கோனேவை புதனிலிருந்து வெள்ளிக்குத் தள்ளினோம். அன்று மழை இல்லை, ஆனால் காற்று அதிகம் என்று ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள், பதிலுக்கு விட்ட பஸ்ஸில் போனோம். மேலே இறங்கியதும் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், அதன் மேல் சால்வை எல்லாவற்றையும் அம்மா போட்டுக்கொண்டார். பனிக்கால ஜாக்கெட் இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக எட்டு நாள் அதைச் சுமந்திருக்க முடியாது.

ரெங்கோஜிக்கு வாணி சொன்ன மாதிரி முதல் நாளே போயிருக்க வேண்டும், விமானக் களைப்பில் தள்ளிப்போட்டு, அப்புறம் மழை வந்து, கடைசியில் கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் போக முடிந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. ஹிகாஷி கோயென்ஜி நிலையத்திலிருந்து நடக்கும்போது ஒரு திருப்பத்தில் அம்மா நின்றுவிட்டார். என்ன வாசனை இது என்கிறார். பார்த்தால் ஒரு வீட்டு வேலி முழுக்கப் பொடிப்பொடியாக ஆரஞ்சு நிறப் பூ, ராத்திரி மழையில் பாதி உதிர்ந்து தார்ச்சாலையில் ஒட்டிக் கிடக்கிறது. கின்மொகுசெய் என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன், அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் பூக்குமாம். அம்மாவுக்குப் பவழமல்லி நினைவு வந்துவிட்டது. கீழே விழுந்ததைச் சாமிக்கு வைக்கலாம் என்றால் பவழமல்லி ஒன்றைத்தான் என்று சொல்லிக்கொண்டே, தேவி அக்கா எடுக்கச் சொன்ன கைக்குட்டைகளில் காய்ந்த ஒன்றை விரித்து, சேறு படாத பூவாகப் பார்த்து ஒரு பிடி சேர்த்தார். முட்டி வலியோடு எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று எனக்கே ஆச்சரியம். கோயில் உள்ளே கதவு சாத்தியிருந்தது, முற்றத்தில் நேதாஜியின் மார்பளவுச் சிலை மட்டும். அதன் அடியில் பூவை வைத்துவிட்டு தாத்தாவின் பேரைச் சொல்லிக் கும்பிட்டார்.

நாங்கள் போனபோது மணி நான்கரை. அம்மா அங்கிருந்து நகர மனமில்லாமல் நிற்கும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது, திரும்பும் வழியில் படி தெரியவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் மதியமே போய்விடுங்கள்.